டிஸ்லெக்சியாவுக்குத் தட்டல் சிகிச்சை உதவுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது என் வேலை. சில வருடங்களாகப் பெற்றோர் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "டாப்பிங் பண்ணினா டிஸ்லெக்சியா சரியாயிடுமாமே, நிஜமா?" என்று கேட்கிறார்கள். டாப்பிங் என்பது தட்டல், டிஸ்லெக்சியா என்பது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

டாப்பிங் என்றால் என்ன?

மனதை உறுத்தும் விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, முகத்திலும் மார்பின் மேற்பகுதியிலும் குறிப்பிட்ட சில இடங்களில் விரல் நுனியால் மெதுவாகத் தட்டுவது. அவ்வளவுதான். ஊசி, மருந்து, கருவி எதுவும் கிடையாது.

ரோஜர் காலஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் 'தாட் ஃபீல்ட் தெரபி' என்று ஒரு முறையை உருவாக்கினார். ஒவ்வொரு பிரச்சினைக்கும் தட்ட வேண்டிய இடங்களின் வரிசை வேறு என்பது அவர் கொள்கை. அவரிடம் அதைக் கற்றுக்கொண்ட கேரி கிரெய்க், ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர். எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே வரிசை போதும் என்று 1990களில் அதைச் சுருக்கி, 'எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ்' என்று பெயர் வைத்தார். இ.எஃப்.டி. என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான். சீன அக்குபஞ்சரில் சொல்லப்படும் ஆற்றல் பாதைகளின் மேல் தட்டுவதால் அடைப்பு நீங்குகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அப்படி ஒரு பாதை உடம்பில் இருப்பதை யாரும் நிரூபித்ததில்லை.

இது நம் ஊர் வர்மம் போலவா?

இல்லை. வர்மம் சித்த மருத்துவத்தோடு வந்த தனி மரபு. அதன் புள்ளிகளும் வேறு, கையாளும் விதமும் வேறு. டாப்பிங் அமெரிக்காவில் பிறந்து நாற்பது வருடம் சொச்சம்தான் ஆகிறது. "நம் முன்னோர் அறிந்த ரகசியம்" என்று சொல்லி யாராவது இதை விற்றால் நம்பாதீர்கள்.

தட்டினால் டிஸ்லெக்சியா சரியாகுமா?

ஆகாது.

இதை வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. டிஸ்லெக்சியா மனக்கவலையால் வருவது அல்ல. அறிவுக் குறைவும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, கண் கோளாறும் இல்லை. காதில் விழும் சொல்லைச் சிறு சிறு ஒலிகளாகப் பிரிப்பதும், அந்த ஒலிகளை எழுத்தோடு சட்டென்று இணைப்பதும் மூளைக்குச் சிரமமாக இருப்பதுதான் இதன் அடிப்படை. மூளையின் இடப்பக்கத்தில் வாசிப்புக்கென்று வேலை செய்யும் பகுதிகள் இவர்களிடம் வேறு விதமாக இயங்குகின்றன. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று தெரிந்த பிறகு, "நானும் இப்படித்தான் படிச்சேன்" என்று சொன்ன அப்பாக்கள் நிறைய பேர்.

இந்தப் பெயரை வைத்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், 1887இல். இத்தனை காலத்தில் உறுதியாகத் தெரிந்த ஒன்று, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் வாசிப்பார்கள் என்பது. தட்டலுக்கு எழுத்து தெரியாது.

தமிழ் வாசிப்பதிலும் டிஸ்லெக்சியா தெரியுமா? ஆங்கிலத்தில் மட்டும்தானே சிக்கல்?

தமிழிலும் தெரியும். ஆனால் முகம் வேறு. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான தொடர்பு இல்லாததால் அங்கே முதலில் வெளிப்படும். தமிழில் எழுதியபடி பெரும்பாலும் படித்துவிடலாம். அதனால் சில பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு வரை சமாளித்துவிடுவார்கள்.

ஒரு பிள்ளை 'கொக்கு' என்ற சொல்லைப் படிப்பதைக் கவனித்துப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. அதற்குரிய ஒலியோ 'க'வுக்குப் பிறகு வருகிறது. கூடவே 'க'வுக்கு வலப்பக்கம் ஒரு கால் நிற்கிறது. கொம்பையும் காலையும் ஒன்றாகப் பிடித்து 'ஒ' என்று ஒலிக்க வேண்டும். இந்தப் பிள்ளை கொம்போடு நின்று 'கெ' என்பான், அப்புறம் காலைப் பார்த்து 'கா' என்பான், அடுத்து வரும் புள்ளி வைத்த 'க்'கை விட்டுவிடுவான். கடைசியில் படத்தைப் பார்த்து "வாத்து" என்று முடித்துவிடுவான். அதே பையனிடம் கொக்கு கதையை வாயால் சொன்னால், நீங்கள் விட்ட இடத்தையும் சேர்த்துத் திருப்பிச் சொல்வான். கேட்டுப் புரிவதற்கும் பார்த்துப் படிப்பதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும். ன, ண, ந குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அப்படியென்றால் தட்டியதும் நன்றாகப் படித்தான் என்று பலர் சொல்கிறார்களே?

பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் குறைந்தது டிஸ்லெக்சியா அல்ல, பயம்.

வகுப்பில் வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தன் பத்தி எது என்று கண்டுபிடித்து, அதையே மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டிருக்கும். மற்றவர்கள் வாசிப்பது எதுவும் காதில் ஏறாது. முறை வரும்போது கை வியர்த்திருக்கும், தொண்டை அடைத்திருக்கும். வாசிக்கும்போது எழுத்தையும் ஒலியையும் சிறிது நேரம் மனதில் தாங்கிப் பிடிக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பயம் பிடித்துக்கொண்டால், நேற்று வீட்டில் படித்த சொல்கூட வராது. திணறினால் யாராவது சிரிப்பார்கள், மறுநாள் பயம் இன்னும் கூடும்.

ஆக இந்தப் பிள்ளையிடம் இருப்பது இரண்டு: டிஸ்லெக்சியா ஒன்று, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பயம் இன்னொன்று. தட்டலோ, மூச்சுப் பயிற்சியோ, அன்பான ஒருவர் பக்கத்தில் இருப்பதோ இரண்டாவதைக் கொஞ்சம் இறக்கிவைக்கலாம். அப்போது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த எழுத்துகள் வெளியே வரும். தெரியாத எழுத்து தெரிந்துவிடாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பதற்றம் குறைவதைப் பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. 2012இல் டாசன் சர்ச்சும் உடன் ஆய்ந்தவர்களும் 83 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒருமுறை தட்டல் செய்தவர்களுக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் 24 சதவீதம் இறங்கியதாகச் சொன்னார்கள். தட்டல் ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டும் ஆய்வு இது. டாசன் சர்ச் இ.எஃப்.டி.யைப் பரப்புவதில் முன்னணியில் இருப்பவர் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2003இல் கனடாவில் வெண்டி வெய்ட்டும் மார்க் ஹோல்டரும் வெளியிட்ட ஆய்வு. 119 பல்கலைக்கழக மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சரியான புள்ளிகளில் தட்டியது. இன்னொரு குழு சம்பந்தமில்லாமல் கையில் தட்டியது. மூன்றாவது குழு தன் உடம்பில் தட்டவேயில்லை, ஒரு பொம்மையின் மேல் தட்டியது. நான்காவது குழு எதுவும் செய்யவில்லை. முதல் மூன்று குழுவுக்கும் பயம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது, நான்காவது குழுவுக்குக் குறையவில்லை. பொம்மையைத் தட்டினாலும் பயம் குறைகிறது என்றால் புள்ளிகளில் விசேஷம் எதுவும் இல்லை. பயத்தை வாயால் சொல்வது, ஒரே சீராகக் கையை அசைப்பது, கவனம் சற்றுத் திரும்புவது, இவைதான் வேலை செய்திருக்க வேண்டும்.

டிஸ்லெக்சியாவுக்கு என்று தேடினால் 2012இல் வந்த ஒரு கட்டுரை கிடைக்கும். அதில் இருப்பது ஒரே ஒரு ஆளின் அனுபவம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாரும் இல்லை. அதை வைத்து உங்கள் பிள்ளைக்கு வாக்குறுதி தர முடியாது.

சரி, பயத்துக்காக மட்டும் செய்து பார்க்கலாமா? எப்படிச் செய்வது?

தாராளமாகச் செய்யலாம். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. நான் பிள்ளைகளோடு செய்யும் விதம் இது.

முதலில் பயத்தை அளக்க வேண்டும். டாப்பிங் புத்தகங்களில் 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைக்கு எண் வேண்டாம். "எவ்வளவு பயமா இருக்கு, கையை விரிச்சுக் காட்டு" என்றால் போதும். உடம்பில் எங்கே தெரிகிறது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள்.

அப்புறம் ஒரு கையின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில், மறு கை விரல்களால் தட்டிக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொல்லாகவே அது இருக்கட்டும்: "மிஸ் என்னைப் படிக்கச் சொன்னா வயிறு கலங்குது. இருந்தாலும் என்னை எனக்குப் பிடிக்கும்." இதை மூன்று முறை சொன்ன பிறகு புருவம் தொடங்கும் இடம், கண்ணின் வெளியோர எலும்பு, கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவே உள்ள பள்ளம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, அக்குளுக்கு நாலு விரல் கீழே, கடைசியாக உச்சந்தலை என்று ஒவ்வொன்றிலும் ஐந்தாறு முறை தட்டிக்கொண்டு போகலாம். வரிசை மாறினால் கவலை வேண்டாம், பொம்மை ஆய்வைத்தான் மேலே சொன்னேனே. ஒரு நீண்ட மூச்சு விட்டு, மறுபடி கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். கை விரிப்பு சுருங்கிய அந்த நேரத்திலேயே, பிள்ளையால் நிச்சயம் வாசிக்க முடிந்த நாலு வரியை எடுத்துக் கொடுங்கள். வாசித்து முடித்தோம் என்ற அனுபவம் பயத்தைக் குறைப்பதுபோல வேறெதுவும் குறைப்பதில்லை.

"டிஸ்லெக்சியா என்னை விட்டுப் போய்விட்டது", "நான் வகுப்பில் முதல் மாணவன்" என்றெல்லாம் சிலர் தட்டும்போது பிள்ளையைச் சொல்லவைக்கிறார்கள். வேண்டாம். பிள்ளைக்கு அது உண்மையில்லை என்று தெரியும். நாளைக்குப் படிக்க வராதபோது, தான் சரியாகத் தட்டவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும்.

என் மகளின் சிறப்பாசிரியர் விரலைத் தட்டித்தட்டிப் படிக்கச் சொல்கிறார். அதுவும் இதுதானா?

இல்லை. அது முற்றிலும் வேறு. அதை விடாமல் செய்யுங்கள்.

நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்கமும் 1930களில் தொடங்கி வைத்த கற்பித்தல் வழி ஒன்று உண்டு. பார்ப்பது, கேட்பது, வாயால் சொல்வது, கையால் உணர்வது எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தைக் கற்பிப்பது. அதிலிருந்து கிளைத்த வில்சன் வாசிப்பு முறை, 1988இல் வந்தது. ஒலியை விரலில் தட்டுவதைப் பரவலாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

'ஷிப்' (ship) என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்துகள் நான்கு, ஒலிகள் மூன்று. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தொட்டு 'ஷ்', நடுவிரலைத் தொட்டு 'இ', மோதிர விரலைத் தொட்டு 'ப்'. பிறகு கட்டைவிரலை விரல்களின் மேல் ஒரே இழுப்பாக இழுத்துச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 'ஷிப்'. முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே தட்டு என்பது விரலுக்குப் புரிந்துவிட்டால், எழுத்து எத்தனை ஒலி எத்தனை என்ற குழப்பம் பாதி தீரும். இதற்கடுத்து 'ஸ்டாப்' (stop) கொடுத்தால் நாலு தட்டு. சுண்டுவிரலும் வேலைக்கு வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

தமிழுக்கு நான் முதலில் எழுத்து எழுத்தாகத் தட்டவைப்பேன்: ப, ட, ம் என்று மூன்று. அது பழகிய பிறகுதான் 'ப'வை 'ப்', 'அ' என்று உடைப்பது. எடுத்த எடுப்பிலேயே உடைத்தால் பிள்ளை மிரண்டுவிடும்.

டிஸ்லெக்சியாவுக்கு உதவுகிற தட்டல் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

தாளம் போடுவது நல்லது என்கிறார்களே? மிருதங்க வகுப்பில் சேர்க்கலாமா?

இதில் விஷயம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உஷா கோஸ்வாமி பல வருடங்களாக ஆராய்வது இதைத்தான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் பலருக்கு ஒரே சீரான தாளத்துக்கு ஏற்பத் தட்டுவது கடினமாக இருக்கிறது. பேச்சில் ஏறி இறங்கும் லயத்தைப் பிடிப்பதில் உள்ள சிரமமே, அதை அசையாகவும் ஒலியாகவும் பிரிப்பதில் உள்ள சிரமத்துக்கு ஒரு காரணம் என்பது அவருடைய கருத்து.

அதனால் பிள்ளைக்கு ஆசை இருந்தால் சேருங்கள். ஆதி தாளம் போட்டுக்கொண்டே பாட்டு பாடுவது, கைதட்டிக்கொண்டு சொல் விளையாட்டு விளையாடுவது எல்லாம் நல்லதுதான். ஆனால் வாசிப்பு வகுப்புக்குப் பதிலாக வேண்டாம், அதோடு சேர்த்து.

தோப்புக்கரணம்?

'சூப்பர் பிரெய்ன் யோகா' என்று பெயர் மாறி வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து இந்தக் கேள்வியும் வருகிறது. உடம்புக்கு நல்ல பயிற்சி. டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. படிக்கத் தெரியாததற்குத் தண்டனையாக அதைப் போடவைப்பது கொடுமை. அது நடக்கும் பள்ளியில் பேசி நிறுத்துங்கள்.

டாப்பிங்கால் கெடுதல் உண்டா?

தட்டுவதால் இல்லை. அதைச் சுற்றி நடப்பதால் உண்டு.

பெரிய கெடுதல் காலம் போவது. ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் முறையான வாசிப்புப் பயிற்சி கிடைத்தால் பிள்ளை வேகமாக ஏறிவரும். அந்த வருடங்களை ஒரு பேக்கேஜ் முடிந்து இன்னொரு பேக்கேஜ் என்று கழித்துவிட்டு, ஐந்தாம் வகுப்பில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அப்போதும் கற்றுக்கொடுக்கலாம், நிச்சயம் முடியும். ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளை "நான் மக்கு" என்று முடிவு செய்திருக்கும். அதை மாற்றுவது எழுத்தைக் கற்பிப்பதைவிடக் கடினம்.

இன்னொன்று: அடி வாங்கிய, எல்லோர் முன்னாலும் அவமானப்பட்ட பிள்ளையிடம், "அதை நினைத்துக்கொண்டே தட்டு" என்றால் அழுகை பீறிட்டு வரலாம். அப்படி ஆனால் நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

தொடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை தன் உடம்பில் தன் கையால் தட்டட்டும். வகுப்பு எடுப்பவர் தொட்டுக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. பெற்றோரை வெளியே உட்காரவைக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு மையத்தில் மூன்று மாதத்தில் குணமாகும் என்று பணம் கேட்கிறார்கள். என்ன கேட்டுத் தெரிந்துகொள்வது?

"என் பிள்ளை இப்போது ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறான் என்று எழுதித் தருவீர்களா? முடிவில் அதே போல அளந்து காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். ஆற்றல், அடைப்பு, மூளையின் இரு பக்கச் சமநிலை என்று பேச்சு நழுவினால் எழுந்து வந்துவிடுங்கள். சிறப்பு வகுப்பை நிறுத்தச் சொன்னாலும் அப்படியே. கண் பயிற்சி, வண்ணக் கண்ணாடி விற்பவர்களுக்கும் இதே கேள்விதான். அவை டிஸ்லெக்சியாவுக்குப் பயன்படும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள்.

முறையான உதவிக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாவட்டத்தில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்தில் தொடங்கலாம், அங்கே கட்டணம் கிடையாது. சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991 முதல் இதற்காகவே வேலை செய்கிறது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் ஒன்று, டிஸ்லெக்சியா அதில் அடங்கும். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு. சி.பி.எஸ்.இ. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. மாநிலப் பாடத்திட்டத்திலும் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று இருக்கின்றன. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. 'மக்கு' என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்திருக்கிறது, சான்றிதழ் அதைத்தான் அழிக்கிறது.

எனக்கு 35 வயது. இன்னும் மீட்டிங்கில் சத்தமாக வாசிக்கப் பயம். எனக்கு உதவுமா?

பயத்துக்கு உதவக்கூடும், செய்து பாருங்கள். கூடவே வாசிக்க வேண்டியதை முந்தைய நாளே அனுப்பச் சொல்லி வாங்குங்கள். போனில் உள்ள உரையைப் படித்துக்காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். பெரியவர்களுக்கும் வாசிப்புப் பயிற்சி பலன் தரும்.

வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

அரை மணி போதும். தட்டலுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளை பதற்றமில்லாமல் இருக்கும் நாளில் அதுவும் வேண்டாம். பதினைந்து நிமிடம் ஒலி, எழுத்து வேலை. மீதி நேரம் நீங்கள் ஒரு நல்ல கதையை வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை கேட்கட்டும். வாசிக்கத் திணறுவதால் கதையும் சொற்களும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகக் கூடாது.

பள்ளியில் எல்லோர் முன்னாலும் தட்ட வெட்கப்படுகிறானே?

தட்ட வேண்டாம். மேசைக்கு அடியில் ஒரு கையால் மறு கையின் ஓரத்தை அழுத்திக்கொண்டு, மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாது. கூடவே ஆசிரியரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், நாளை எந்தப் பத்தி என்று இன்று மாலையே சொல்லிவிடுங்கள் என்று. பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். அன்று மாலை வீட்டில் அந்த ஒரு பத்தியை மட்டும் விரல் தட்டி, ஒலி பிரித்து, மூன்று முறை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.